கோரமண்டல் கொக்கு

திருமயம் கோட்டை உச்சியில், பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கீழே வயலில் ஓர் உழவு டிராக்டர். அதன் பின்னாடியே ஒரு வெள்ளைக் கூட்டம் நடந்துபோனது. இறங்கிப் போய்ப் பார்த்தால் உண்ணிக்கொக்குகள். நாலைந்துக்கு மட்டும் தலை, கழுத்து, முதுகெல்லாம் ஆரஞ்சு நிறம். வரப்பில் மாடு மேய்த்த அப்பத்தா சொன்னார்: "மஞ்ச பூசிக் குளிச்சிட்டு வந்திருக்கு பாரு தம்பி. சோடி சேர்ற காலம்."

சேதுபதி இந்தக் கோட்டையைக் கட்டியது 1687-ல். ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 1783-ல், இந்தக் கொக்குக்கு லத்தீன் பெயர் கிடைத்தது. பிரான்சில் பூஃபோன் வெளியிட்ட பறவை நூலின் வண்ணப்படம் ஒன்றில் 'கோரமண்டல் கரை' என்று குறித்திருந்தார்கள். பூஃபோனுக்கு லத்தீன் இரட்டைப் பெயர்கள் பிடிக்காது. நெதர்லாந்து மருத்துவர் பீட்டர் போடார்ட் அந்தப் படங்களுக்கு ஓர் அட்டவணை போட்டு, அதில் இதற்குக் 'கோரமண்டா' என்று எழுதினார். கோரமண்டல் என்பதே சோழமண்டலம் திரிந்தது என்பார்கள். படத்தைப் பார்த்து வைத்த பெயரில் நம்ம ஊர்க்கரை ஒட்டிக்கொண்டது!

இதன் மேற்கத்திய உறவுக்கு 1758-ல் லின்னேயஸ் வைத்த பெயர் 'ஐபிஸ்'. எகிப்தின் புனிதப் பறவையோடு வந்த குழப்பம் அது. அந்தக் கொக்கு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டித் தென் அமெரிக்காவில் இறங்கியது. யாரும் கூண்டில் கொண்டுபோகவில்லை. காடழித்து மாட்டுப் பண்ணை போட்ட இடமெல்லாம் பரவி, 1953-ல் ஃபுளோரிடாவில் கூடு கட்டியது. நம்முடையது கிழக்கே போனது: 1940-களில் வட ஆஸ்திரேலியா, 1963-ல் நியூசிலாந்து.

இரண்டும் ஒரே இனம் என்று வெகுகாலம் 'ஐபிஸ்' கணக்கிலேயே இருந்தன. இப்போது பலர் பிரித்துவிட்டார்கள். அதற்கு ஒரு காரணம் அப்பத்தா சொன்ன மஞ்சள்தான். மேற்கத்தியதற்கு உச்சந்தலை, மார்பு, முதுகில் மட்டும் திட்டுத்திட்டாக வரும். நம்முடையதற்குக் கன்னம், தொண்டை எல்லாம் நிறம் ஏறும். மற்ற மாதங்களில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

'உண்ணி' என்ற நம் பெயரும் முழுசாகச் சரியில்லை. மாட்டு உண்ணியைக் கொத்தும்தான், ஆனால் அதன் முக்கியச் சாப்பாடு வெட்டுக்கிளி, பூச்சி, தவளை. மாடு நடந்தால் புல்லிலிருந்து இவை எழும்பும். அலைச்சல் குறைவு, இரை அதிகம். டிராக்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது.

"முன்னல்லாம் எம்மாட்டுக்குப் பின்னாலதான் வரும்" என்றார் அப்பத்தா. அவரிடம் இப்போது மூன்று மாடுகள்தான். பதினோரு மணிக்கு டிராக்டர்காரர் டீ குடிக்க இறங்கினார். கொக்குகள் கொஞ்ச நேரம் சும்மா நின்றன. அப்புறம் ஒவ்வொன்றாக வரப்பைத் தாண்டி மாடுகளிடம் வந்தன.