பால் பிராண்ட்

பால் பிராண்ட் (1914–2003): கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர். கிறிஸ்தவப் பரிவுக்குக் கைகளால் உருவம் தந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

மறு ஆண்டு, செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கி விறைத்த விரல்களைத் தொட்டுப் பார்த்தார். ஊர் ஒதுக்கிய அந்தக் கைகளை எலும்பு மருத்துவர்களும் பெரிதாகக் கவனித்ததில்லை. சதை அழுகி விரல்கள் உதிர்வதில்லை; உணர்ச்சி மரத்துப்போவதால் தீயும் காயமும் உறைப்பதில்லை, சேதம் அதனால்தான் என்று கண்டறிந்தார். தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, சுருண்ட விரல்களை மீண்டும் இயங்கவைத்தார்.

கை நேரானது; பிச்சையெடுத்து வாழ்ந்த நோயாளிகளின் பிழைப்புதான் போயிற்று. நல்ல கைக்கு யார் பிச்சை போடுவார்கள்? ஆகவே, கல்லூரி வளாகத்திலேயே குடியிருப்பு அமைத்து அவர்களுக்குத் தச்சுவேலை கற்பித்தார்.

உணர்விழந்த பாதங்கள் பற்றிய அவரது ஆய்வு, இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பிலும் பயன்படுகிறது.