தியாகமும் கணக்கும்: தொழிற்சங்கச் செயற்பாட்டுக்குக் குடும்பம் தரும் விலை

கொள்கைக்காக வாழ்ந்தவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால், தமிழில் ‘தியாகம்’ என்ற சொல்லே முதலில் வந்து நிற்கிறது. அது வணங்கச் சொல்கிறது. கணக்குக் கேட்க விடுவதில்லை. இழந்தவர் யார், அந்த இழப்பில் எவ்வளவு தவிர்த்திருக்கக் கூடியது என்ற கேள்விகளை வரலாற்றின் இரு நிகழ்வுகளிடம் கேட்டு, அங்கிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பகுதியைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சிதம்பரம் பிள்ளை உடன் நின்றார். தொழிலாளர்க்குக் கூலி உயர்வு கிடைத்தது. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். அரசத் துரோக வழக்கில் ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1912 டிசம்பரில் வெளியே வந்தவரிடம் வக்கீல் சன்னது இல்லை. சென்னையில் சிறு வணிகம் செய்து பிழைக்க வேண்டியிருந்தது. தண்டனைச் செய்தி கேட்டுச் சித்தம் கலங்கினார் அவருடைய தம்பி. வ.உ.சி. தம் பாதையைத் தாமே தேர்ந்தார். தம்பி எதையும் தேரவில்லை.

இரண்டாவது நிகழ்வு பெரம்பூரில் நடந்தது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர்களுள் ஒருவர் பி.பி.வாடியா. பக்கிங்ஹாம் ஆலை நிர்வாகம் அவர்மீதும் பிறர்மீதும் நட்டஈடு கோரி உயர் நீதிமன்றம் சென்று தடையாணை பெற்றது. வாடியா சங்கத்தை விட்டு விலகியதோடுதான் அந்த வழக்கு முடிந்தது. இந்த அநீதி கிளப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவுபெற்ற சங்கத்தாரை இத்தகைய வழக்குகளிலிருந்து காத்தது. வாடியா சுமந்ததைப் பின்வந்தவர்கள் சுமக்காமல் இருக்கச் சட்டம் வழி செய்தது.

அந்த வழி கும்மிடிப்பூண்டியில் பாதியில் நின்றுவிடுகிறது. இரும்பு உருக்காலைகளிலும் வார்ப்பாலைகளிலும் வடமாநிலத் தொழிலாளர் பலர் காண்ட்ராக்டர் வழியே வேலை செய்கிறார்கள். சங்க நிர்வாகிகளுள் சிலரைப் ‘பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்’ என அறிவிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அந்த வேலைநீக்கக் காப்பு நிரந்தரத் தொழிலாளிக்கே நடைமுறையில் எட்டுகிறது. காண்ட்ராக்ட் தொழிலாளியை யாரும் டிஸ்மிஸ் செய்ய வேண்டியதில்லை. “நாளையிலிருந்து வராதே” என்றால் போதும். காண்ட்ராக்டர் தந்த அறையில் தங்கியிருப்பவருக்கு வேலையோடு கூரையும் போகிறது. ஊரில் பணத்துக்குக் காத்திருக்கும் வீட்டில் அடுப்பு அணைகிறது. நிரந்தரத் தொழிலாளிக்கும் வாய்தாக்கள் நீளும் ஆண்டுகளில் பிள்ளையின் படிப்பே முதலில் நிற்கிறது.

விலை கொடுக்காத கொள்கைக்கு மதிப்பேது என்று கேட்பவர்கள் உண்டு. வாடியாவின் அனுபவமே இதற்கு விடை. சட்டம் விலையைக் குறைத்த பிறகு சங்கங்கள் பெருகின, கொள்கை மெலியவில்லை. பெரும் விலை கேட்கும் இயக்கத்தில் இழக்க ஏதுமற்றவர்களும் அசாத்தியத் துணிவுடையவர்களும் மட்டுமே எஞ்சுவார்கள். குழந்தையோடு வாடகை வீட்டில் இருப்பவர், நியாயம் தெரிந்தும், வாய் மூடியிருப்பார்.

எனவே மூன்று கடமைகள் உள்ளன. வேலைநீக்கக் காப்பு காண்ட்ராக்ட் தொழிலாளர்க்கும் விரிய வேண்டும். வழக்கு முடியும்வரை குடும்பத்துக்கு இடைக்கால ஊதியம் உறுதியாக வேண்டும். வேலையிழந்த தோழரின் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் சங்க நிதியின் முதற்செலவாக வேண்டும். கூலி உயர்வு எல்லோருக்கும் கிடைக்கிறது. அதற்கான விலையை ஒரு வீடு மட்டும் கொடுப்பது நீதியாகாது.