ரபதாவின் மேய்ச்சல் நிலமும் வத்திராயிருப்பின் ஆட்டுப்பட்டியும்

ஆண்டுதோறும் ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாள் முன்பாகக் குர்பானிக் கிடா வாங்குவதற்கு வத்திராயிருப்புப் பக்கம் செல்வது நம் வழக்கம். அங்கே மேற்கு மலையின் அடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்துவரும் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் நமக்குப் பழக்கமானவர். சென்ற முறை விலை பேசி முடித்து எழுந்தபோது அவர் கேட்டார்: “பாய், எங்க ஆடு காட்டுக்குள்ள கால் வச்சா எங்களுக்கு அபராதம். காட்டுச் சிறுத்தை எங்க பட்டிக்குள்ள வந்து ஆட்டைத் தூக்கினா யாருக்கு அபராதம்?”

நாம் சிரித்து மழுப்பிவிட்டு வந்தோம். வீடு வந்தபின் அந்தச் சிரிப்பு நம்மையே உறுத்தியது. அவர் கேட்டது வேடிக்கைக் கேள்வியன்று. பல நாடுகளில், பல நூற்றாண்டுகளாக, மேய்ப்பன் ஆட்சியாளனிடம் கேட்டுவரும் கேள்வி அது. அதன் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

விருதுநகர் மாவட்டம் மழை மறைவு நிலம். தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மலையே தடுத்துக்கொள்வதால் சிவகாசி, சாத்தூர்ப் பக்கங்களில் வறண்ட காற்றே மிகுதி. தீப்பெட்டியும் பட்டாசும் இப்பகுதியில் தொழிலாக வேரூன்றியதற்கு அவ்வறட்சியும் ஒரு காரணம். தொழிலுக்கு உதவிய அதே வறட்சி மேய்ச்சலைக் கெடுத்தது. அறுவடை முடிந்த புஞ்சைகளில் கிடை அமர்த்தி, எருவுக்குக் கூலி பெற்று, ஊர் ஊராக நகரும் கீதாரிகளுக்கும், மலைமாடு வளர்ப்போருக்கும் கோடையில் கண்ணுக்குத் தெரியும் ஒரே பசுமை மலைதான்.

அம்மலையில் 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயம் ஏற்பட்டது. 2021 பிப்ரவரியில் அது மேகமலையோடு சேர்ந்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் ஆயிற்று. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்க்கத் தடை விதித்தது. பின்னர் அதே மாதத்திலேயே அத்தடை சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் உரியதென்று திருத்திற்று. வத்திராயிருப்பு மேய்ப்பனுக்கு அத்திருத்தத்தால் பயன் இல்லை. அவன் முன் நிற்கும் மலை காப்பகமே.

இனிச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். காட்டுக்கு முதலில் பூட்டுப் போட்டது புலியின் பொருட்டன்று. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மரத்தின் பொருட்டுக் காடுகளை ஒதுக்கிற்று; மேய்ச்சல் சீட்டும் கட்டணமும் வந்தன. அதே வெள்ளை அரசு மறு கையால் புலி, சிறுத்தை, ஓநாய் ஆகியவற்றைக் கொன்று வருவோர்க்கு வெகுமதியும் வழங்கிற்று. 1875 முதல் 1925 வரையிலான ஐம்பதாண்டில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புலிகளும், ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுத்தைகளும், இரண்டு இலட்சம் ஓநாய்களும் இந்நாட்டில் கொல்லப்பட்டன என்று வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்னும் பழமொழி இன்றும் நம் வாயில் இருக்கிறது. அந்த ஓநாயைக் கண்ணால் கண்டவர் இன்று நம் பக்கத்தில் அரியர்.

சுதந்திர இந்தியாவில் காற்று திசை மாறிற்று. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டமும் வந்தன. 1991இன் திருத்தத்துக்குப் பின் உரிமம் பெற்று வேட்டையாடும் வழியும் அடைபட்டது. முயலுக்குச் சிப்பிப்பாறை நாயும், பன்றிக்கு ராஜபாளையம் நாயும் வளர்த்த மண் இது. 2005இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்பித்தார்கள். நாய்க்குப் புகழ் கிடைத்தது, அதன் பழைய தொழில் குற்றமாயிற்று. புலியோ பெருகிற்று. தமிழ்நாட்டில் 2006இல் 76 என மதிப்பிடப்பட்ட புலிகள் 2022இல் 306 ஆயின. இது மகிழத்தக்க செய்தியே. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொல்லச் சொன்ன காலத்திலும் காக்கச் சொன்ன காலத்திலும் கட்டளை மேலிருந்தே வந்தது. மலையடிவாரத்தில் எவரும் கேட்கப்படவில்லை.

இம்மனக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்காவின் கடைசி ஓநாய்களை அரசே 1926இல் கொன்று தீர்த்தது. எழுபது ஆண்டு கழித்து, 1995லும் 1996லும் அதே அரசு கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொணர்ந்து அங்கே விட்டது. ஓநாய் கன்றைக் கொல்கிறது என்று பண்ணைக்காரர் குமுறினர். மான் கூட்டம் குறைகிறது என்று வேட்டைக்காரர் குமுறினர். கொலராடோ மாநிலத்தில் 2020இல் இதனை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஓநாயைக் கொண்டுவரும் தீர்மானம் மிகச் சிறிய வேறுபாட்டில் வென்றது. நகரத்து வாக்குகளே அதனை வெல்லச் செய்தன. ஓநாய் வந்து வாழவேண்டிய மேற்குப் பகுதிப் பண்ணைகள் பெரும்பாலும் எதிர்த்தன. 2023 டிசம்பரில் ஓநாய்கள் விடப்பட்டன. அடுத்த இளவேனிலிலேயே கன்றுகள் மாண்டன. இழப்பீடு கொடுக்கிறார்கள். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. தம்மைக் கேளாமல் தம் வாசலில் ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள் என்னும் மனப்புண் பணத்தால் மட்டும் ஆறுவதாய் இல்லை.

இவ்விடத்தில் மதரஸாவில் நாம் ஓதிய ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. அரபு மொழியில் ‘ஹிமா’ என்பது காக்கப்பட்ட, பிறர் நுழையத் தடுக்கப்பட்ட மேய்ச்சல் நிலம். அறியாமைக் காலத்தில் கோத்திரத் தலைவன் ஒரு மேட்டில் நாயைக் குரைக்கச் செய்வானாம்; குரைப்பொலி எட்டும் மட்டும் புல் அவனுக்கே உரியதாகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இத்தனியுரிமையை ஒழித்தார்கள். பொது நன்மைக்காக அன்றி எவரும் நிலத்தை அடைத்துக்கொள்ளலாகாது என்று ஆயிற்று. முஸ்லிம்களின் குதிரைகளுக்காக மதீனாவுக்கு அருகில் நகீஉ என்னும் இடம் ஒதுக்கப்பட்டது.

கலீபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் ரபதா என்னும் மேய்ச்சல் நிலமும் அவ்வாறு காக்கப்பட்டது. அதன் காவலுக்குத் தம்மால் உரிமை விடப்பட்ட ஹுனைய் என்பவரை நியமித்தபோது கலீபா அவர்கள் கூறிய அறிவுரை ஸஹீஹுல் புகாரியிலும் இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவிலும் இடம்பெற்றுள்ளது. அதன் கருத்து இது: மக்களிடம் கடுமை காட்டாதே, அநீதி இழைக்கப்பட்டவனின் இறைஞ்சுதலுக்கு அஞ்சிக்கொள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடைய எளியவனை உள்ளே விடு. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்பான் போன்ற செல்வர்களின் மந்தைகளைத் தள்ளியே வை. அவர்களின் கால்நடை அழிந்தால் பேரீச்சந்தோப்பும் வயலும் அவர்களுக்கு உண்டு. எளியவனின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலில் வந்து நிற்பான். அவனுக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிடப் புல்லும் நீரும் கொடுப்பது எனக்கு எளிது.

இத்தோடு நில்லாமல், கலீபா அவர்கள் மற்றொன்றையும் ஒப்புக்கொண்டார்கள். அம்மக்கள் தமக்கு நாம் அநீதி செய்தோம் என்று எண்ணுகிறார்கள். அது அவர்களுடைய மண். அதற்காக அவர்கள் போரிட்டிருக்கிறார்கள். பொதுக் காரியத்துக்கான கால்நடைகள் இல்லையெனில் அவர்கள் மண்ணில் ஒரு சாணும் நாம் அடைத்திருக்க மாட்டோம் என்றார்கள். வேலி போட்ட ஆட்சியாளரே வேலிக்கு வெளியே நிற்பவனின் வருத்தத்தை நியாயமான வருத்தம் என்று ஏற்றுக்கொண்டதை இங்கே காண்கிறோம்.

ரபதாவில் காக்கப்பட்டது குதிரையும் ஒட்டகமும். மேகமலையில் காக்கப்படுவது புலி. இவ்வேறுபாட்டை நாம் மறைக்கவில்லை. புலி வாழும் காட்டில் ஆட்டு மந்தையைத் தாராளமாக விடவும் இயலாது. ஆயினும் இரண்டிலும் பொது நன்மை ஒன்று உண்டு. மேகமலைக் காட்டிலேதான் வைகை பிறக்கிறது. வத்திராயிருப்பின் பிளவக்கல் அணைகளுக்கு நீர் தருவதும் மேற்கு மலையே. காட்டின் பயனை ஊரெல்லாம் நுகர்கிறோம். அதன் விலையை அடிவாரத்து மேய்ப்பன் ஒருவனே கொடுக்கலாமா என்பதே கேள்வி.

கதவை முற்றும் மூடவேண்டும் என்று இந்நாட்டுச் சட்டமும் சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. புலிக் காப்பகத்தின் மையப் பகுதியைச் சுற்றிய வெளிப்பகுதி மனிதனும் விலங்கும் சேர்ந்து வாழ்வதற்கு என்றும், கிராம சபையைக் கலந்து அதன் எல்லையை வரையவேண்டும் என்றும் வனவிலங்குச் சட்டமே கூறுகிறது. மக்காச்சோளத்தை அழிக்கும் காட்டுப்பன்றி குறித்துத் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டைப் பாருங்கள்: காப்புக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடலாகாது, ஒன்று முதல் மூன்று வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும், மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். பன்றிக்குப் படிப்படியாக எல்லை வகுக்கத் தெரிந்தவர்களுக்கு, இருபது ஆடு உடையவனையும் இருநூறு மாடு உடையவனையும் பிரித்தறிந்து எல்லை வகுப்பது அரிதன்று.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. பட்டாசு வெடித்து விலங்கை விரட்டுவது ஒன்று. தீவனத்துக்குள் அவுட்டுக்காய் வைத்து வாயைச் சிதறச் செய்வது வேறு. இறந்த மாட்டின்மேல் நஞ்சு தடவுவோர் புலியோடு கழுகையும் கொல்கிறார்கள். நாய்க்கு நீர் புகட்டியவருக்குப் பாவமன்னிப்பு கிடைத்ததையும், பூனையைப் பட்டினி போட்டவள் தண்டிக்கப்பட்டதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் நாம் இதற்கு உடந்தையாகலாகாது.

அப்பெரியவரின் கேள்விக்கு அன்று நாம் விடை சொல்லவில்லை. சிறுத்தைக்கு அபராதம் விதிக்க எவராலும் இயலாது. அது தன் பசிக்கு உண்டது. காடு காக்கப்படுவதால் பயன் பெறும் நாம் அனைவரும் சேர்ந்து செலுத்தவேண்டிய கடன் அது. இழப்பீட்டை நாள் கடத்தாமல் கொடுப்பதும், எல்லை வரையுமுன் அவரை அழைத்துக் கேட்பதும் அக்கடனின் பகுதிகள். வரும் பெருநாளுக்குக் கிடா வாங்கச் செல்லும்போது, இன்ஷா அல்லாஹ், ஹுனைய்க்குச் சொல்லப்பட்ட அறிவுரையை அவரிடம் சொல்ல எண்ணியிருக்கிறோம். சென்ற முறை சிரித்ததற்கு ஈடாக அதையாவது செய்யவேண்டும்.