அலா: இக்போ மக்களின் நிலத் தெய்வமும் ம்பாரி வீடுகளும்

அலா என்பது நைசீரியாவின் தென்கிழக்கில் வாழும் இக்போ மக்களின் நிலத் தெய்வம் ஆகும். வட்டார வழக்குக்கு ஏற்ப அனி, அனா என்றும் சொல்வர். காலடி மண்ணுக்கும் இக்போ மொழியில் இதே சொல்தான். எல்லாவற்றையும் படைத்தவர் சுக்வு என்று நம்பினாலும், அன்றாட வாழ்வில் இக்போ மக்கள் அஞ்சியது அலாவுக்கே.

பெரும்பாலான இக்போ ஊர்களில் அரசர் இருந்ததில்லை. மூத்தோர் கூடிப் பேசி முடிவெடுத்தனர்; அம்முடிவுகளுக்கு வலுச் சேர்த்தது இந்த அச்சம். கொலையும் வள்ளிக்கிழங்குத் திருட்டும் நிலத்தையே தீட்டுப்படுத்தும் செயல்களாகக் கருதப்பட்டன. பரிகாரம் செய்யாவிட்டால் விளைச்சல் பொய்த்து ஊரே துன்பப்படும் என்று நம்பினர். தற்கொலை செய்தவரின் உடலை ஊரார் தொடமாட்டார்கள். சினுவா அச்சிபேயின் 1958ஆம் ஆண்டு நாவலில் (தமிழில் 'சிதைவுகள்') நாயகன் ஒக்கொங்வோவின் உடலை இறக்க வெளியாரை வேண்டுவது இதனால்தான்.

இந்த ஒழுங்கைப் பொற்காலமாகக் காட்டுவது பிழை. இரட்டைக் குழந்தைகள் நிலத்துக்கு ஆகாதவர்கள் என்று காட்டில் விடப்பட்டனர். உடல் வீங்கும் நோய் கண்டவர்களுக்கும் மண்ணில் அடக்கம் மறுக்கப்பட்டது.

ஓவெரி வட்டாரத்தில் பஞ்சமோ நோயோ வந்தால், அலா தனக்கு வீடு கேட்கிறாள் என்று குறி சொல்பவர் அறிவிப்பார். அவ்வாறு கட்டப்படுவதே ம்பாரி. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்களும் பெண்களும் வேலியடைத்த இடத்தில் ஊரைவிட்டு விலகித் தங்கி, மாதக்கணக்கில், சில வேளை ஓராண்டுக்கு மேலும் உழைப்பர். கறையான் புற்று மண்ணைக் குழைத்து உருவங்கள் செய்து வண்ணம் தீட்டுவர். நடுவில் குழந்தையுடன் அலா அமர்ந்திருப்பாள். சுற்றிலும் இடித் தெய்வமான அமடியோகா, விலங்குகள், பிள்ளை பெறும் பெண், தொப்பி அணிந்த வெள்ளை அதிகாரி எனப் பல உருவங்கள் இருக்கும். ஆம், ஆள வந்தவருக்கும் அங்கே ஒரு மூலை ஒதுக்கப்பட்டது.

திறப்பு விழா முடிந்ததும் வீடு கைவிடப்படும். பழுதுபார்க்கக் கூடாது, மழையில் கரைந்து மண்ணோடு சேர வேண்டும். பல ஆண்டுகள் கழித்து இன்னொன்றைக் கட்டுவர். திரும்பத் திரும்பக் கட்டியதால்தான் கைத்திறன் அழியாமல் வந்தது.

கிறித்தவம் பரவியபின் கட்டுவோர் குறைந்தனர். 1967–1970 உள்நாட்டுப் போரை ஒட்டி இவ்வழக்கம் பெரும்பாலும் நின்றுபோனது. பின்னர் ஓவெரியில் ம்பாரி பண்பாட்டு மையம் ஒன்று அமைந்தது. உருவங்களைக் காத்து வைப்பது பழைய விதிக்கு நேர்மாறானது. ஆயினும் கட்டுவதற்கு ஆளில்லாத காலத்தில், ம்பாரி எப்படி இருந்தது என்று அறிய அந்த மையமும், கலை வரலாற்றாளர் எர்பர்ட் கோல் 1960களில் எடுத்த ஒளிப்படங்களுமே பெரிதும் உதவுகின்றன.