பாடலிகையில் கணித்த பேரெண்

விக்கிரவாண்டியில் பிரிந்து தஞ்சைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பண்ருட்டியை அடைந்து, கிழக்கே திரும்பினால் கடலூரின் பகுதியான திருப்பாதிரிப்புலியூர் வந்துவிடும். இதுவே பண்டைய பாடலிகை என்பர் ஆய்வாளர். சமண முனிவர் சர்வநந்தி 'லோகவிபாகம்' என்னும் உலகியல் நூலை இயற்றிய ஊர் அது. சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458, காஞ்சி மன்னர் சிம்மவர்மரின் 22ஆம் ஆட்சியாண்டு.

அவர் பிராகிருதத்தில் எழுதிய மூலநூல் இன்று இல்லை. பிற்காலத்தில் சிம்மசூரி என்பார் வடமொழியில் ஆக்கிய வடிவமே எஞ்சியுள்ளது. மேற்கண்ட காலக்குறிப்பைக் காத்துத் தந்ததும் அந்நூலே.

அதில் 13107200000 என்னும் பேரெண் சொற்களால் கூறப்படுகிறது. ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கி, ஐந்து சூனியங்களை முதலில் சொல்லி, பிற இலக்கங்களை முறையே அடுக்குகிறார் ஆசிரியர். இடையில் வரும் சுழிக்கு வானத்தைக் குறிக்கும் 'அம்பரம்' என்னும் சொல்லை ஆள்கிறார். இடமதிப்பும் சுழியும் நன்கு தேர்ந்தவர்க்கே இவ்வாறு எண்ணுதல் இயலும்.

இவ்வெண் எங்கிருந்து வந்தது? ஜம்புத்வீபத்தின் விட்டம் ஒரு லட்சம் யோசனை. அதைச் சூழும் கடலும் தீவும் ஒன்றுக்கொன்று இருமடங்கு அகலமுடையவை. லவண சமுத்திரம் இரண்டு லட்சம், தாதகீகண்டம் நான்கு லட்சம் என வளர்ந்து, பதினான்காம் வளையமாகிய நந்தீசுவரத் தீவு 163 கோடியே 84 லட்சம் யோசனை ஆகிறது. பதினேழாம் வளையமாகிய அருணவர சமுத்திரத்திற்கு வரும் அகலமே 1310 கோடியே 72 லட்சம்.

ஆகவே ஒரு லட்சத்தைப் பதினேழு முறை இரட்டித்தால் இவ்வெண் கிடைக்கும். லட்சத்திலேயே ஐந்து இரண்டுகளும் ஐந்து ஐந்துகளும் பெருக்கமாக அடங்கியுள்ளன. எனவே இவ்வெண்ணை 22 முறை மீதியின்றிப் பாதியாக்கலாம். முடிவில் 3125 என்னும் ஒற்றைப்படை எண் நிற்கும். இரண்டும் ஐந்துமன்றி வேறெந்தப் பகா எண்ணும் இதை வகுக்காது. ஒன்றையும் தன்னையும் சேர்த்து இதன் காரணிகள் 138. ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்னும் கணக்கைச் சமணர் 'அர்த்தச்சேதம்' என்றனர். தவளா உரையில் வீரசேனாசாரியர் அதை விரிவாக ஆள்கிறார்.

இப்பண்பு வெறும் வேடிக்கையன்று. ஏடு பெயர்த்தெழுதுவோர் அந்த இடைச்சுழியை விட்டிருந்தால் 13172 லட்சம் என்றாகும். 13172ஐ இருமுறைக்கு மேல் பாதியாக்க இயலாது. பிழை உடனே வெளிப்பட்டுவிடும். எண்ணின் அமைப்பே அதற்குக் காவல்.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். எண்ணின் அளவு பிழையற்றது என்பதை இக்கணக்கு காட்டும். அதைச் சொன்ன சொற்கள் சர்வநந்தியுடையவையா, சிம்மசூரியுடையவையா என்பதைக் காட்டாது. சுழி முதன்முதல் பாடலிகையில்தான் எழுதப்பட்டது என முழங்க விழைவோர், மூலச்சுவடி மறைந்ததை மறத்தலாகாது. அச்சுவடி இருந்திருப்பின் ஐயத்திற்கு இடமே இராது.

எண்ணுக்கு அதன் பெருக்கமே காவல். ஏட்டுக்கு நாமன்றி வேறு காவல் இல்லை. நம் இல்லங்களில் பழஞ்சுவடி ஒன்றேனும் இருப்பின், அதைப் படியெடுத்துக் காப்பதே சர்வநந்தி முனிவருக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.