குழந்தைத் தடுப்பூசி: பாதுகாப்பு விவாதமும் தயாரிப்பாளர் பொறுப்பும் (தமிழ்நாடு)

தமிழ்நாட்டில் குழந்தைத் தடுப்பூசியின் பாதுகாப்பு பற்றிய பொது விவாதம் 2008-இல் கூர்மை பெற்றது. அந்த ஆண்டு ஜனவரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் தயாரிப்பு உரிமங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. மருந்தைத் தயாரித்தது யார், சோதித்தது யார், ஊசி போட்டது யார், குழந்தைக்கு ஏதாவது நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்விகள் அன்றுமுதல் ஓயவில்லை. இறுதிக் கேள்விக்குத்தான் இன்றுவரை சரியான விடை இல்லை.

மருந்து வரும் வழி

தென்காசி மாவட்டம் வாசுதேவநல்லூர் ஒன்றியத்தில் ஒரு குழந்தைக்குப் போடப்படும் ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி பல கைகளைக் கடந்து வருகிறது. தயாரிக்கப்பட்ட ஒவ்வொரு பேட்ச்சும் கசௌலி மத்திய மருந்து ஆய்வகத்தின் ஒப்புதல் பெற்ற பிறகே வெளியே வரும். மாநிலக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு வழியாக ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டியை அது அடையும். 2 முதல் 8 டிகிரி வரையான குளிர்நிலை வழியெங்கும் காக்கப்பட வேண்டும். குப்பியில் ஒட்டியிருக்கும் சிறு வட்டத்துக்குள் ஒரு வெள்ளைச் சதுரம் உண்டு. வெப்பம் பட்டால் சதுரம் கறுக்கத் தொடங்கும்; வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

தட்டம்மை-ரூபெல்லா மருந்து உலர்ந்த தூளாக வருகிறது. அதே நிறுவனம் அனுப்பிய கரைப்பான் திரவத்தைச் சேர்த்துக் கலக்கி, கலக்கிய நேரத்தைக் குப்பியின்மேல் எழுதி, நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மிச்சம் இருந்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான். நேரம் கடந்த குப்பியில் கிருமி வளர்ந்தால் அதன் நஞ்சு சில மணி நேரத்தில் குழந்தையின் உயிரை வாங்கிவிடலாம். கரைப்பான் என்று நினைத்து வேறு மருந்தைக் கலந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சிரியாவின் இத்லிப் பகுதியில் 2014-இல் அறுவைச் சிகிச்சைக்கான தசைத்தளர்த்தி மருந்து கலக்கப்பட்டு 15 குழந்தைகள் இறந்தன. சமோவா தீவில் 2018-இல் இதே வகைத் தவறால் இரண்டு குழந்தைகள் இறந்தன. பெற்றோர் ஊசியை விட்டு விலகினார்கள். 2019-இல் அங்கே பரவிய தட்டம்மை 83 பேரைக் கொன்றது.

உலக சுகாதார நிறுவனம் ஊசிக்குப் பின் நேரும் பாதிப்புகளை ஐந்தாகப் பிரிக்கிறது: மருந்தின் இயல்பால் வருவது, தரக்குறைவால் வருவது, கையாளும் தவறால் வருவது, அச்சத்தால் வருவது, தற்செயலாக அதே நேரத்தில் வந்த வேறு நோய். இந்தப் பகுப்பை வெறும் அலுவலகச் சடங்காகக் கருதக் கூடாது. முதல் வகையில் யாரும் குற்றவாளி இல்லை. இரண்டாவதில் தயாரிப்பாளரும், மூன்றாவதில் ஊசி போடும் அமைப்பும் பதில் சொல்ல வேண்டும். இழவு வீட்டில் இருக்கும் தாய்க்கு ஐந்தும் ஒன்றாகத்தான் தெரியும். பிரித்துச் சொல்ல வேண்டியது விசாரணையின் கடமை.

2008-உம் அதன் பின்னும்

திருவள்ளூர் மரணங்களுக்குப் பிறகு கிராமத் துணை சுகாதார நிலையங்களிலும் அங்கன்வாடிகளிலும் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே குழந்தையைக் கொண்டுவரச் சொன்னார்கள். பாதுகாப்பு கருதி எடுத்த முடிவுதான். ஆனால் மலையடிவாரச் சிற்றூரிலிருந்து கைக்குழந்தையோடு பஸ் ஏறி வரும் தாய்க்கு ஒருநாள் கூலி போய்விடும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் பங்கு தமிழ்நாட்டில் 2005-06-இல் 80.9 விழுக்காடாக இருந்து 2015-16-இல் 69.7 விழுக்காடாகச் சரிந்தது. அச்சமும் தூரமும் சேர்ந்தே இந்தச் சரிவை உண்டாக்கின என்று கொள்ள இடமிருக்கிறது. ஊசி மறுபடியும் கிராமத்துக்குத் திரும்பியது. அடுத்த கணக்கெடுப்பில் விகிதம் 89.2-ஐத் தொட்டது.

உரிமம் நிறுத்தப்பட்ட மூன்று அரசு நிறுவனங்களின் கதை வேறு. நல்ல தயாரிப்பு நெறிமுறைகளைப் பின்பற்றவில்லை என்பது அவற்றின்மேல் சொல்லப்பட்ட காரணம். குறை இருந்தது உண்மை. குறையைச் சரிசெய்யப் பணமும் அவகாசமும் தராமல் 1907-இல் தொடங்கப்பட்ட குன்னூர் நிறுவனத்தின் உற்பத்தியை ஒரே உத்தரவில் நிறுத்தியது தவறு. தட்டுப்பாடு வந்தது, தனியார் நிறுவனங்களின் பிடி இறுகியது. நாடாளுமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் எதிர்ப்பு எழுந்த பின், 2010 பிப்ரவரியில் தடை நீங்கியது. அரசே தயாரித்தால் கேள்வி கேட்க நாடாளுமன்றம் இருக்கிறது; தனியார் தயாரித்தால் ஒப்பந்தத் தாள்தான் இருக்கிறது என்ற வாதம் அப்போது எழுந்தது. அதில் நியாயம் உண்டு.

ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் அறிமுகமானது. இலங்கை 2008-இல் சில மரணங்களுக்குப் பின் இதே வகை ஊசியை நிறுத்தி, விசாரணை முடிந்த பின் மீண்டும் தொடங்கியிருந்தது. அந்தச் செய்திகளைக் கையில் வைத்துக்கொண்டு பொதுநல வழக்குகள் தொடரப்பட்டன. ரோட்டா வைரஸ் ஊசியில் சர்ச்சை தரவைப் பற்றியது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த பரிசோதனையில், குடல் செருகல் என்ற பக்கவிளைவு குறித்த விவரத்தை மையவாரியாக வெளியிட வேண்டும் என்று கோரி டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது.

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரி 6-இல் தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா முகாம் வேறொரு சோதனையைச் சந்தித்தது. 9 மாதம் முதல் 15 வயது வரை ஏறத்தாழ 1.76 கோடிப் பேருக்கு ஊசி போடும் திட்டம் அது. வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. ஊசி நாளன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் பலர். தட்டம்மை கூட்டு ஊசியால் ஆட்டிசம் வரக்கூடும் என்று 1998-இல் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட லண்டன் கட்டுரையின் நிழலும் அதில் இருந்தது. அந்தக் கட்டுரையை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது என்ற செய்தி மட்டும் வாட்ஸ்அப்பில் வரவில்லை. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தைக்குக் கண்புரையும் காது கேளாமையும் இதயக் குறையும் வரலாம். அதைத் தடுப்பதும் இந்த ஊசியின் நோக்கம். பெற்றோர் தயங்கியதால் முகாமின் கடைசி நாள் தள்ளிவைக்கப்பட்டது.

தயாரிப்பாளர் தவறே நேரடியாக வெளிப்பட்ட நிகழ்வு 2018-இல் நடந்தது. 2016 ஏப்ரலில் உலகம் முழுவதும் சொட்டு மருந்திலிருந்து நீக்கப்பட்ட இரண்டாம் வகைப் போலியோ வைரஸ், காசியாபாத் பயோ-மெட் நிறுவனத்தின் சொட்டு மருந்தில் இருந்தது தெரியவந்தது. உற்பத்தி நிறுத்தப்பட்டது, நிர்வாக இயக்குநர் கைதானார்.

சட்டம்

மருந்து மற்றும் அழகுப்பொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, கலப்பட மருந்தோ போலி மருந்தோ மரணம் விளைவித்தால் குறைந்தது 10 ஆண்டுச் சிறையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கிறது. அபராதம் பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்குச் சேரும். புதிய மருந்துப் பரிசோதனையில் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர 2019-ஆம் ஆண்டு விதிகள் உண்டு. தரமான மருந்தாலேயே, லட்சத்தில் ஒரு குழந்தைக்கு, யார் தவறும் இன்றிக் கேடு வந்தால்? அதற்கு வழியில்லை. எல்லோருக்கும் இலவசமாகத் தரப்படும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்தின்கீழ் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொல்லிவிட்டதால், அரசு நிலையத்தில் போட்ட ஊசிக்கு அந்தக் கதவும் அடைத்தே இருக்கிறது.

அமெரிக்கா 1986-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. முத்தடுப்பு ஊசி வழக்குகளால் தயாரிப்பாளர்கள் தொழிலையே விட்டு விலகத் தொடங்கிய காலம் அது. ஊசி தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி வசூலித்து ஒரு நிதி அமைத்தார்கள். தவறை நிரூபிக்காமலே அதிலிருந்து இழப்பீடு பெறலாம். தயாரிப்பாளர்களுக்கு வழக்கிலிருந்து பெரும் பாதுகாப்பும் கிடைத்தது. இதை இன்றும் குறைகூறுவோர் உண்டு. பிரிட்டனில் 1979 முதல் அரசே தொகை வழங்குகிறது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே 2-இல் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் கோவிட் ஊசியைக் கட்டாயப்படுத்துவது பற்றித் தீர்ப்பளித்தபோது, குழந்தைகளுக்கான கோவிட் ஊசிப் பரிசோதனை முடிவுகளை வெளியிடவும், பாதிப்புப் புகார்களை மக்கள் பார்க்கும்படி பதிவேற்றவும் ஆணையிட்டது. வழக்கமான குழந்தைத் தடுப்பூசிகளுக்கு இழப்பீட்டுச் சட்டம் எதுவும் வரவில்லை. ஊரைக் காக்க ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லும் அரசு, அதனால் அரிதாக விளையும் கேட்டையும் தானே ஏற்க வேண்டும். பெற்றோரின் நம்பிக்கைக்கு விளம்பரத்தைவிட இது உறுதியான அடித்தளம்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் நிலையத்திலேயே இருங்கள். பேட்ச் எண்ணைக் கேட்டுத் தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வலிப்பு, மூச்சுத்திணறல், விடாத அழுகை, மயக்கம் கண்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கேயே புகாராகப் பதியச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழைக்கலாம்.