பாராமகால் பாறைகளும் ஒளிநிழல் ஓவியமும்

ஜவளகிரிக் காட்டில் தொடங்கி, தேன்கனிக்கோட்டை, ஓசூர், இராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரிச் சமவெளிக்கு இறங்கும் நிலப்பகுதி, மண்ணைவிடப் பாறையாலேயே அடையாளம் பெற்ற நாடாகும். இங்குள்ள கிரானைட்டும் நைஸ் எனப்படும் வரிப்பாறையும் இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையவை. வெயிலிலும் மழையிலும் இவற்றின் மேற்பரப்பு வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரிந்துவிடுவதால், கூரிய விளிம்புகள் தேய்ந்து, உருண்டு திரண்ட வடிவமே எஞ்சுகிறது. இத்தகைய பாறையின் திரட்சியை ஒளியையும் நிழலையும் கொண்டு தாளில் கொண்டுவரும் பயிற்சி இப்பகுதியில் 1790களில் வேரூன்றியது; அதற்கு வாயிலாக அமைந்தது, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் மைசூரின் திப்பு சுல்தானுக்கும் இடையே நடந்த மூன்றாம் மைசூர்ப் போர்.

அதற்கு முன் இந்நாட்டில் ஓவியம் இல்லாதிருக்கவில்லை. கிருஷ்ணகிரி வட்டாரத்தின் குகைத்தளங்களிலும் கல்திட்டைகளிலும் வெள்ளை நிறத்தில் தீட்டப்பட்ட மனித, விலங்கு உருவங்கள் காணப்படுகின்றன. அங்கே பாறை ஓவியத்தைத் தாங்கும் பரப்பாக இருந்ததேயன்றி அதன் பொருளாக இருக்கவில்லை. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரப் பகுதியோ மலையைத் தீட்டும் முறையையும் சொல்கிறது: பாறைத் திரள், சிகரம், தாதுக்கள், மரம், அருவி, பாம்பு ஆகியவற்றைக் காட்டி மலையை உணர்த்த வேண்டும் என்பது அதன் விதி. ‘வர்த்தனை’ என்ற பெயரில், இலை நரம்பு போன்ற கோடுகளாலும், மென்மையான பூச்சாலும், புள்ளிகளாலும் நிறத்தை அடர்த்தியாக்கும் மூவகை நிழலீட்டையும் அந்நூல் வகுக்கிறது. ஆயினும் அந்த நிழல் உருவத்தைத் திரளச் செய்வதற்கானது. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட திசையிலிருந்து வரும் சூரிய ஒளியால் நிலத்தில் விழும் நிழலைக் காட்டுவது அம்மரபின் நோக்கமாக இருக்கவில்லை. இதைக் குறைபாடாகக் கருதுவது தவறு. மலை இன்னதென்று சொல்ல விரும்பிய கலைக்கு, அது காலை எட்டு மணிக்கு எப்படித் தோன்றும் என்ற கேள்வியே எழவில்லை.

அக்கேள்வியை எழுப்பியவர்கள் படைவீரர்கள். 1791 ஜூலையில் கம்பெனிப் படைத்தலைவர் காரன்வாலிஸின் படை ஓசூரைக் கைப்பற்றியது. அதே மாதத்தில் மேஜர் கௌடியின் பிரிவு இராயக்கோட்டையைப் பிடித்தது. நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கிய மேக்ஸ்வெல்லின் பிரிவு, மேலிருந்து உருட்டிவிடப்பட்ட பாறைகளுக்கு முன் நிற்கமாட்டாமல் பின்வாங்கியது. ஒரு பாறைமுகம் எங்கே செங்குத்தானது, எங்கே கால்வைத்து ஏறத்தக்கது, எந்தப் பிளவில் ஆள் மறையலாம் என்பவற்றை நில அளவை வரைபடம் மட்டும் சொல்லிவிடாது. நிழலின் அடர்த்தி சரிவைச் சொல்லும், நிழலின் விளிம்பு வளைவைச் சொல்லும். அதனாலேயே இங்கிலாந்தின் வுல்விச்சில் இருந்த அரச இராணுவப் பள்ளியில் பீரங்கிப் படை மாணவர்களுக்கு நிலக்காட்சி வரைதல் ஒரு பாடமாகவே கற்பிக்கப்பட்டது. 1768 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே தலைமை ஓவிய ஆசிரியராக இருந்த பால் சாண்ட்பி, இங்கிலாந்தின் நீர்வண்ண நிலக்காட்சி ஓவியத்துக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர்.

போரோடு வந்த ஓவியர் பலர். நில அளவையாளரான இராபர்ட் ஹைட் கோல்புரூக், படையதிகாரி அலெக்சாண்டர் ஆலன், தொழில்முறை ஓவியரான இராபர்ட் ஹோம் ஆகியோரின் மைசூர்க் காட்சித் தொகுப்புகள் போர் முடிந்த இரண்டே ஆண்டுகளுக்குள் வெளிவந்தன. பீரங்கிப் படை லெப்டினன்ட் ஜேம்ஸ் ஹன்டர் 1792இல் இறந்துவிட்டார். ஓசூரும் இராயக்கோட்டையும் இடம்பெறும் அவரது வரைவுகள் 1805 அளவில்தான் அச்சேறின.

எனினும் பாறையை முழுமையாகக் கற்றுக்கொண்டவர்கள் ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும்தான். 1792 மார்ச்சில், போரை முடித்துவைத்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தானது. அடுத்த மாதமே இருவரும் சென்னையிலிருந்து புறப்பட்டு, பாராமகால் கோட்டைகளின் வழியே பெங்களூர் சென்று, பின் தெற்கே கன்னியாகுமரிவரை பயணம் செய்தனர். பாராமகால் என்பது கிருஷ்ணகிரியைச் சூழ்ந்த கோட்டை நாட்டுக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர். அது உடன்படிக்கைப்படி கம்பெனியின் கைக்கு மாறியிருந்தது. ஓசூரும் ஜவளகிரி உள்ளிட்ட மேட்டுநிலமும் 1799வரை திப்புவின் ஆட்சியிலேயே நீடித்தன. டேனியல்களின் அச்சுப்படங்களில் இராயக்கோட்டை பாராமகாலைச் சேர்ந்ததாகவும், ஓசூர் மைசூரைச் சேர்ந்ததாகவும் குறிக்கப்பட்டிருப்பதற்கு இந்த எல்லைக்கோடே காரணம்.

அவர்கள் கையில் இருட்டுப்பெட்டி ஒன்று இருந்தது. கேமரா அப்ஸ்குரா எனப்படும் அக்கருவியில், வில்லை வழியே புகும் ஒளி எதிரிலுள்ள காட்சியைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் விழச்செய்ய, அதன் புறக்கோட்டைப் பென்சிலால் படியெடுத்துக்கொள்ளலாம். பாறையின் அளவும் சாய்வும் இதில் பிழையின்றிக் கிடைத்தன, திரட்சி கிடைக்கவில்லை. அதைத் தூரிகையால்தான் கொணர வேண்டியிருந்தது. அக்கால நீர்வண்ண முறையில் வெளிச்சத்துக்கு வண்ணம் பூசுவதில்லை. தாளின் வெண்மையையே ஒளியாக விட்டுவைத்து, நீர்த்த சாம்பல்நிற மையை மெல்லிய பூச்சாகப் பரப்பி, அது உலர்ந்தபின் நிழற்பக்கத்தில் மீண்டும் பூசி, பிளவுகளையும் பாறை மண்ணைத் தொடும் இடத்தையும் மட்டும் இறுதியில் கருமையாக்குவர். உருண்ட கிரானைட்டில் ஒளியும் நிழலும் கோடு கிழித்தாற்போல் பிரிவதில்லை. ஒன்று மற்றொன்றில் கரையும் இடைநிறமே அதன் வளைவைக் காட்டும். நிழற்பக்கத்தின் அடிப்பகுதியிலோ, வெயில்பட்ட தரையிலிருந்து எதிரொளி ஏறி, அவ்விடத்தைச் சற்று வெளிறச் செய்யும். அந்த வெளிறலை விட்டுவிட்டால் பாறை தட்டையான கறுப்புத் துண்டாகிவிடும். மழைநீர் வழிந்த தடங்களில் படியும் கருவரிகளை நிழலென மயங்காமல், சரிவின் போக்கிலேயே இழுப்பதும் கற்க வேண்டியதொன்று. உடைந்த விளிம்புகளும் கூரிய முனைகளுமாகப் பாறையைக் கற்பனை செய்யப் பழகிய ஐரோப்பியக் கைகள், இங்கே வந்து இந்த வளைவைப் பார்த்துத் தம் பழக்கத்தைத் திருத்திக்கொண்டது பாராட்டுக்குரிய உழைப்பாகும்.

நாடு திரும்பிய டேனியல்கள் 1795க்கும் 1808க்கும் இடையில் 144 படங்கள் கொண்ட ‘ஓரியன்டல் சீனரி’ தொகுதிகளை அக்வாடின்ட் முறையில் வெளியிட்டனர். செப்புத் தகட்டின்மேல் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்டச்செய்து, அமிலத்தில் முக்கினால், தூள்களுக்கு இடையிலுள்ள செம்பு மட்டும் அரிக்கப்பட்டு மை தங்கும் நுண்குழிகள் உண்டாகும். வெளிச்சமாக இருக்க வேண்டிய இடத்தை முதலிலேயே மெழுகேற்றி அடைத்துவிட்டு, இடைநிறத்தை ஒருமுறையும் கருநிழலைப் பன்முறையும் அமிலத்துக்கு உட்படுத்துவர். இம்முறையை இங்கிலாந்தில் நிலைநாட்டியவரும் வுல்விச் ஆசிரியரான சாண்ட்பிதான். இதில் தகடு கொடுக்கும் மணல்மணலான நிறம் கிரானைட்டின் சொரசொரப்புக்கு இயல்பாகவே பொருந்தியதால், டேனியல்களின் கோயில் படங்களைவிடப் பாறைப் படங்களே உயர்ந்தவை என்று சொல்லத் தோன்றுகிறது.

1857–58இல் சென்னை அரசின் புகைப்படக் கலைஞரான லின்னேயஸ் ட்ரைப் இராயக்கோட்டையைப் படமெடுத்து, அக்காலச் சேலம் மாவட்டக் காட்சிகளாக வெளியிட்டார். மெழுகேற்றிய தாள் எதிர்ப்படிவத்தில் பாறையின் நிழல் தானாகவே பதிந்தது. ஆனால் வானம் வெறுமையாகவே விழுந்தமையால் பல படிவங்களில் அவர் மேகத்தைத் தூரிகையால் தீட்டினார். அதற்கு முன்னரே, 1850இல், மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் நிறுவிய கலைப்பள்ளி, பின்னாளில் அரசு கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்து, ஒளிநிழல் பயிற்சியைத் தமிழ் மாணவர்களுக்கும் உரியதாக்கியது.

கிருஷ்ணகிரி மாவட்டக் கிரானைட் இன்று வெட்டப்பட்டு, மெருகேற்றப்பட்டு, வெளிநாடுகளுக்குச் செல்கிறது. ஜவளகிரிக் காடு 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் வந்துவிட்டது. அதற்கு வெளியே உள்ள கரடுகளுக்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே 1790களின் படங்கள் ஆவணங்களாகவும் மதிப்புப் பெறுகின்றன. ஆனால் அவற்றை ஆவணமாகக் கொள்பவர், முன்னணியில் நிற்கும் மரமும் மாந்தரும் படத்தின் அமைதிக்காகச் சேர்க்கப்பட்டிருக்கக்கூடும் என்பதை நினைவிற்கொண்டு, முதலில் நிழல் விழும் திசையைப் பார்த்து ஓவியர் நின்ற இடத்தையும் பொழுதையும் கணித்த பின்னரே, பாறையின் வடிவைக் களத்தோடு ஒப்பிட வேண்டும்.